பிரின்ஸுக்கு இறக்கிய முடி

வேலை நிரந்தரமாகாத மனிதன் எதைக் கேட்டாலும் கை தூக்குவான். "பெயின்ட் ஷாப்பில் ஆள் குறைகிறது, யார் போறீங்க?" என்றால் தூக்குவான். "ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு யார்?" என்றால் ரெண்டு கையையும் தூக்குவான். நான் "யார் வீட்டில் நாய் வளர்த்துப் பழக்கம்?" என்ற கேள்விக்குத் தூக்கினேன். அன்றைக்குப் பக்கத்தில் நின்றவன் யாராவது அந்தக் கையைப் பிடித்து இறக்கியிருந்தால், எங்கள் அத்தை இன்றைக்கு வரை குடும்பத்தின் கேலிக்கு ஆளாகியிருக்க மாட்டாள்.

கேட்டவர் எங்கள் குவாலிட்டி மேனேஜர். 2009 கோடைக்காலம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் நான் டிப்ளமோ டிரெய்னி. அடுத்த மாதம் டிரெய்னிங் முடிகிறது. யாரை பர்மனென்ட் ஆக்குவது, யாரைக் கைகுலுக்கி ஊருக்கு பஸ் ஏற்றுவது என்கிற பட்டியல் அவர் மேஜையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அவரோ மைத்துனர் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போகிறார். வீட்டில் ஒரு பொமரேனியன் இருக்கிறது.

"எங்க வீட்ல எப்பவும் நாய் இருக்கும் சார். நாய்னா எனக்கு உயிரு" என்றேன்.

(உண்மை என்னவென்றால், ஏழு வயதில் எங்கள் ஊர் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டதைத் தவிர அந்த இனத்தோடு எனக்கு வேறு எந்தப் போக்குவரத்தும் கிடையாது.)

நான் அப்போது தங்கியிருந்தது மாமா வீட்டில். அம்மாவின் தம்பி. எனக்குப் பத்து வருடம் முன்னாலேயே தெற்கிலிருந்து வந்து, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கற்றுக்கொண்டு, இங்கேயே பக்கத்துக் கிராமத்தில் பெண் எடுத்துக்கொண்டு நிலைத்துவிட்டவர். அப்படி வந்தவள்தான் லோகநாயகி அத்தை. என்னைவிடப் பதிமூன்று வயதுதான் மூத்தவள். பேச ஆரம்பித்தால் ஷேர் ஆட்டோக்காரரே சில்லறையைக் கொடுத்துவிட்டு ஓடுவார். அவர்களுடைய பெண்கள் இரண்டும் முழுப் பரீட்சை லீவுக்குச் சாத்தூர் போயிருந்ததால் வீட்டில் இடம் இருந்தது. அந்த தைரியத்தில்தான் ஒரு சனிக்கிழமை காலை நாயை ஏந்திக்கொண்டு வந்து இறங்கினேன்.

நாயின் பெயர் பிரின்ஸ். உடம்பெல்லாம் வெள்ளை வெளேரென்று முடி. கூடவே ஒரு பை தீனியும், இரண்டு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் டைப் அடித்த குறிப்பும் வந்திருந்தன. அதைச் சும்மா படித்துவிட்டு வைத்தால் நான் என்ன குவாலிட்டி டிரெய்னி? உட்கார்ந்து தமிழாக்கி, தொழிற்சாலையில் மிஷினுக்கு மேலே ஒட்டியிருப்பார்களே அதே மாதிரி 'வொர்க் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று தலைப்புப் போட்டு, பதினோரு பாயிண்டுகளாக அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டினேன். நான்காவது பாயிண்ட்: எலும்பு, மசாலா கூடவே கூடாது. சிவப்பு மையில் இரண்டு கோடு. ஐந்தாவது: உப்பு கூடாது. பக்கத்தில் தினமும் கையெழுத்துப் போட ஒரு செக் ஷீட். மாமா முதல் நாளே பத்து நாளுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"என்ன மாமா இது?"

"கம்பெனியில இப்படித்தான மாப்ள போடுறோம்?"

அத்தை அந்தத் தாளை ஏறிட்டும் பார்க்கவில்லை. தீனிப் பைக்குள் கையை விட்டு, நாலு உருண்டையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னாடா? கல்லு மாரி கீது. வூட்டுக்கு வந்த புள்ளைக்கு ஒரு வாய் சோறு போடாம இத்தயா துன்னச் சொல்ற?"

"அத்தை, நாயோட டைஜஷன் சிஸ்டமே வேற. நாம சாப்பிடறதெல்லாம் அதுக்கு ஆகாது."

"ஆமா, நீ போயி பாத்துகினு வந்த அதோட வயித்துல."

இரண்டாம் நாள் பிரின்ஸ் தயிர் சோறு தின்றது. மூன்றாம் நாள் குளித்தது (ஏழாவது பாயிண்ட்: குளிப்பாட்டக் கூடாது). குளித்து முடித்ததும் அத்தை கைக்குழந்தைக்குப் பிடிப்பது போல அதற்கு சாம்பிராணிப் புகை பிடித்தாள். வெள்ளை நாய், ஊர்க் கண்ணெல்லாம் படும் என்று நெற்றியில் மையால் ஒரு பொட்டு. சாயங்காலமானால் உப்பு, மிளகாய் சுற்றிப் போடுவது வேறு. நான் தினமும் ஷிப்ட் முடிந்து வந்து சுவரைக் காட்டி வகுப்பெடுத்தேன். கிராமத்து ஆட்களுக்கு செல்லப் பிராணி வளர்க்கும் முறை தெரியவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அந்த வயதில் ஒரு தாளைத் தமிழாக்கினாலே அந்த விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டதாகத் தோன்றும்.

இதில் எனக்குத் தாங்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் தப்பாகச் செய்த அத்தையின் பின்னாலேயே பிரின்ஸ் திரிந்தது. அவள் துணி துவைத்தால் கல்லுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. பதினோரு பாயிண்டும் மனப்பாடமாகத் தெரிந்த என்னைக் கண்டால் உறுமியது. மேனேஜர் திரும்பி வரும்போது, 'நாய்னா எனக்கு உயிரு' என்று சொன்னவனைப் பார்த்து அவர் நாயே பல்லைக் காட்டினால்? பொய் வெட்டவெளிச்சமாகிவிடும். பட்டியல் அவ்வளவுதான்.

புதன்கிழமை கேன்டீனில் சிக்கன் வறுவல். என் பங்கை நான் தின்னவில்லை. மூன்று துண்டை டிஷ்யூ பேப்பரில் சுருட்டி யூனிஃபார்ம் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்தேன். அத்தை கடைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்குப் பின்னால் பிரின்ஸை அழைத்து நீட்டினேன். முதலில் ஒரு துண்டு, அப்புறம் இரண்டாவது. எலும்போடு மடக் மடக்கென்று தின்றுவிட்டு, என் கையை நக்கி வாலை ஆட்டியது. நான் உருகிப்போனேன். வாசலில் அத்தையின் குரல் கேட்டதும், மிச்சமிருந்ததை டிஷ்யூவோடு திரும்பவும் பைக்குள் திணித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி முகம் கழுவப் போனேன். சட்டையைக் கழற்றி அழுக்குத் துணியோடு போட்டதோடு அதை மறந்தும் போனேன்.

மறுநாள் மூன்றரை மணிக்கு வீடு வந்தபோது பிரின்ஸ் தரையில் கிழிந்த துணி மாதிரி கிடந்தது. வாந்தி, பேதி இரண்டும். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"காலைலேர்ந்து இப்டி கீதுடா. நான் குடுத்த தயிர் சோறுதான் ஒத்துக்கலயா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான். ஆனால் வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

"பின்ன? நாய்க்கு உப்பு ஆகாதுன்னு அஞ்சாவது பாயிண்ட்லயே எழுதி ஒட்டியிருக்கேன்ல? யாராவது படிச்சாத்தான?"

சில்லறைக்காக ஆட்டோக்காரரோடு மல்லுக்கு நிற்கிற லோகநாயகி, என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தத் தலை குனிந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது.

ஒரு துண்டில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூருக்கு ஓடினோம். மாட்டு வைத்தியம் பார்க்கிற டாக்டர். வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பு கிலும்பு எதாவது குடுத்தீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர். தயிர் சோறுதான். நான்தான் குடுத்துட்டேன்" என்றாள் அத்தை.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அத்தையைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு, சிக்கன், எலும்பு, மசாலா என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "இத அந்தம்மா முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றார். எனக்கு பர்மனென்ட் ஆக வேண்டும் என்கிற விஷயத்தை ஒரு கால்நடை மருத்துவருக்கு எப்படி விளக்குவது?

இரண்டு நாள் போராட்டம். குளுக்கோஸ் தண்ணீரை ஸ்பூனில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக ஊற்றியது அத்தை. நான் செய்ததெல்லாம் பக்கத்தில் நின்று, "பாத்து, பாத்து" என்று சொன்னதுதான். சனிக்கிழமை காலை பிரின்ஸ் எழுந்து நின்று, தள்ளாடிப் போய் அவள் மடியில் தலையை வைத்தது. நான் என் வேலை மறுபடி உயிர் பெற்றுவிட்ட தெம்போடு மறுநாள் ஞாயிறு ஓ.டி.க்குக் கிளம்பினேன்.

அன்று திரும்பி வந்து கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு புதுப் பிராணி நின்றுகொண்டிருந்தது. வெளிர் ரோஸ் நிறம், எலி போல மூஞ்சி, குச்சிக் கால்கள். வால் நுனியில் மட்டும் கொஞ்சம் வெள்ளை முடி. தலையில் அப்பின சந்தனம். அது என்னைப் பார்த்து வாலை ஆட்டிய பிறகுதான் யாரென்று புரிந்தது. முடி போனபின் பாதி நாய்தான் மிச்சம் இருந்தது.

"அத்தை!"

"கத்தாத. அம்மனுக்கு வேண்டிகினேன். புள்ள பொழச்சா முடி எறக்கறேன்னு. பொழச்சிக்கிச்சி. எறக்கிட்டேன்."

"நாய்க்கா? நாய்க்கு யாராவது மொட்டை போடுவாங்களா?"

"பூசாரியும் அதான் கேட்டாரு. உள்ள வரக்கூடாதுன்னுட்டாரு. வெளிய வேப்ப மரத்தாண்ட வச்சி, முடி வெட்டுற அண்ணன் மிஷின் போட்டாரு. வாலுல மட்டும் உடல, ஆட்டிகினே கீது."

"நாளன்னிக்கு மேனேஜர் வர்றாரு அத்தை! ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?"

"சாமிகிட்ட சொன்ன வார்த்தடா. தள்ளிப் போட்டு மறுபடியும் சீக்கு வந்துட்டா, உன் வேல இன்னாவறது?"

மாமா பொறுமையாகச் சுவரைப் படித்துப் பார்த்துவிட்டு, "மொட்ட போடக் கூடாதுன்னு இதுல பாயிண்ட் இல்லயே மாப்ள" என்றார்.

செவ்வாய் சாயங்காலம் கார் வந்து நின்றது. வெயிலில் தோல் கன்றிவிடக் கூடாதென்று அத்தை தன் சின்ன மகளின் பழைய கவுனை பிரின்ஸுக்குப் போட்டுவிட்டிருந்தாள். நீலத்தில் பூப்போட்டது. மேனேஜர் இறங்கி, "பிரின்ஸ்!" என்று கூப்பிட்டார். கவுன் போட்ட ஒரு மொட்டைப் பிராணி பாய்ந்து வரவும் இரண்டடி பின்னால் போனார். அது அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து அழுதது. குனிந்து தூக்கியவர், அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அத்தைதான் சார்" என்றேன் நான். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா! "நான் எல்லாம் எழுதியே ஒட்டியிருந்தேன் சார். கிராமத்து ஆளு. விவரம் தெரியாது. தயிர் சோத்தக் குடுத்து உடம்புக்கு முடியாமப் போச்சு, அப்புறம் வேண்டுதல் அது இதுன்னு..."

அத்தை வாசற்படியில்தான் நின்றிருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன். பிறகு அவள் முன்னால் வந்து மேனேஜரிடம் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பு எம்மேலதான் சார். தம்பி மேல கோச்சிக்காதீங்க. அது நல்லாத்தான் பாத்துகிச்சி."

மேனேஜர் நல்ல மனிதர். "பரவால்லம்மா. உயிரோட இருக்கே, அது போதும்" என்றார். காரில் ஏறும்போது என்னிடம் தனியாக, "பாவம், அவங்களத் திட்டாதீங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார். பிரின்ஸ் பின் கண்ணாடி வழியாக அத்தையைப் பார்த்துக்கொண்டே போனது. அதற்கு முடி கடைசி வரை பழைய மாதிரி வளரவில்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் இருந்தது.

அத்தை நாய்க்கு மொட்டை போட்ட கதை சாத்தூர் வரை போய், எங்கள் சொந்தத்தில் தெரியாதவர்கள் இல்லை என்றாகிவிட்டது. யார் வீட்டில் மொட்டை, காதுகுத்து என்றாலும் கதை கிளம்பும். 2015இல் என் மகனுக்கு முடி இறக்கியபோதும் கிளம்பியது. அத்தையின் மூத்த மகள், "அம்மா, சந்தனம் நிறைய அரை. வாசல்ல இன்னொருத்தரும் படுத்துகினு கீறாரு" என்று தெருநாயைக் காட்டினாள். கூட்டமே சிரித்தது. மடியில் என் பிள்ளை. ஆறு வருடமாகத் தொண்டையில் கிடந்தது அன்றைக்கு வந்துவிட்டது.

"நாய்க்கு ஒடம்பு முடியாமப் போனது அத்தையால இல்ல. நான்தான் சிக்கன் எலும்பு குடுத்தேன்" என்றேன்.

ஒரு நிமிடம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். "அத்தைய விட்டுக் குடுக்க மாட்டான் பாரு!" என்றாள் என் அம்மா, பெருமையாக. "பதினோரு பாயிண்ட் எழுதி ஒட்டினவன் எலும்பு குடுப்பானாக்கும்?" என்றார் மாமா. நான் சத்தியம் செய்தும் ஒருவரும் நம்பவில்லை. அந்தக் கதை அதற்குள் யார் சொல்லியும் மாறாத அளவுக்கு இறுகிவிட்டிருந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தவள், என் மகன் தலையில் பூசக் குனிந்தபோது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"உன் யூனிஃபார்ம தொவச்சது யாருன்னு நெனச்ச? பையில எலும்பு இருந்துச்சி. அந்த வியாழக்கெழமையே, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம் பாத்துட்டேன்."

அவள் குழந்தையின் தலையில் ஒரு இடம் விடாமல் பூசி முடித்தாள்.

"உன் மேனேஜரு வந்து நின்னப்ப, ஒரு வார்த்த சொல்லுவன்னுதான் ஒன்ன பாத்தேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாய்க் கதை மட்டும் நிற்கவில்லை. இப்போதெல்லாம் அத்தையே சொல்கிறாள், அவளை மாதிரி யாராலும் சொல்ல முடியாது. பூசாரியின் குரல், மேனேஜர் பின்வாங்கியது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். "என் தயிர் சோத்தத் துன்னுட்டு..." என்று தொடங்குகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த நேரம் பார்த்து எனக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே போவேன்.