தனுஜாவை மறக்காத அச்சுப்பொறி

வாழ்க ஜெயலெட்சுமி! பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலே பதினெட்டு ஆண்டுகள் பூதக்கண்ணாடியின் பின்னமர்ந்து, பல்லாயிரம் மின்சுற்றுப் பலகைகளில் குற்றங்குறை கண்டு, மேலாளர்களை நடுநடுங்க வைத்த கூர்விழியாளே, டத்தோ கிராமாட் வட்டாரம் ஈன்ற வீரத்திருமகளே, நின் புகழ் பாட வந்தேன்! தண்ணீர்மலை உச்சியில் நின்று எமைக் காக்கும் வேலவனே, என் நாவில் வந்து அமர்வாயாக. கதை சிறியதுதான், ஆனால் அடக்கமாகச் சொல்லும் எண்ணம் எனக்கில்லை.

போர் மூண்டது ஒரு சனிக்கிழமை காலை. மறுநாள் அவள் தம்பி கோகிலனுக்கும் காமினிக்கும் திருமணம். இருநூறு தாம்பூலப் பைகள் கூடமெங்கும் படையென அணிவகுத்து நிற்க, அவற்றின் நெற்றியில் ஒட்டுவதற்குரிய 'கோகிலன் – காமினி, வருகைக்கு நன்றி' என்னும் லேபிள்களை, பிஸ்கட் டின் அளவேயான கருநிற அச்சுப்பொறியொன்று கரகரவென்று கக்கிக்கொண்டிருந்தது. நூறு வந்ததும் சுருள் தீர்ந்தது. கோகிலன் பொறியை அணைத்தான், புதுச் சுருள் மாட்டினான், மீண்டும் உயிர்ப்பித்தான், பொத்தானை அமுக்கினான். வந்ததை வாசிக்காமலே, கைப்பேசியில் ஒரு கண்ணும் பையில் ஒரு கையுமாக நாற்பது பைகளில் ஒட்டியும் தொலைத்தான். மாப்பிள்ளை அல்லவா, நிதானம் எங்கிருந்து வரும்!

நாற்பத்தொன்றாவது லேபிளை ஜெயலெட்சுமி வாசித்தாள். 'கோகிலன் – தனுஜா' என்றிருந்தது.

ஐயகோ! தனுஜா யாரெனில், சென்ற ஆண்டு இதே கோகிலனுக்கு நிச்சயமாகி, பின்பு இரு வீட்டாரும் கூடிப் பேசி முறித்துக்கொண்ட சம்பந்தத்தின் மணமகள். அந்தப் பெயரை அதன்பின் அவ்வில்லத்தில் ஒருவரும் உச்சரித்ததில்லை. நாளை அது ஊரார் கையில் ஏறினால் என்னாவது? அதைவிட, பதினோரு மணிக்குப் பைகளை எடுக்க வரும் காமினியின் கண்ணில் பட்டால்? மணியோ பத்தரை. வீரத்திருமகள் அந்த லேபிளைத் தம்பியின் மூக்கருகே நீட்டினாள்.

"டேய் தம்பி! இது என்னடா?"

"ஐயோ அக்கா, நான் ஒண்ணும் பண்ணல லா! மெஷினே போடுது!"

படக்கென்று அணைத்துப் படக்கென்று போட்டான்; தனுஜா வந்தாள். பொறியின் மண்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். முன்னிலும் தெளிவாக வந்தாள். "தள்ளு!" என்று முழங்கினாள் ஜெயலெட்சுமி. மின்கம்பியை உருவினாள், திருப்புளியை உருவினாள், நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பகைவனின் நெஞ்சைப் பிளந்தாள்.

ஆங்கே விரிந்தது பச்சைப் பலகை! வாயிலில், ஏறியிறங்கி வரும் மின்சாரத்தைச் சமனாக்கி உள்ளே விடும் காவலராய்ப் பருத்துருண்ட மின்தேக்கிகள். நடுவில், ஆணையிடும் செயலி. அதன் அருகே இரு நினைவகச் சில்லுகள். ஒன்று ரேம்: சொன்னதைச் சொன்ன நொடியே ஏந்திக்கொண்டு, மின்சாரம் போனதும் துடைத்தாற்போல் மறந்துவிடுவது. மற்றொன்று ஃபிளாஷ்: ஒருமுறை சேமித்து வைத்தால், மின்சாரமே இன்றி ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருப்பது. கோகிலன் தன் மடிக்கணினியிலிருந்து காமினியை அனுப்பியது ரேமுக்கு; பொறியை அணைத்ததும் அவள் காற்றோடு போய்விட்டாள். ஃபிளாஷில் குடியிருந்தவள் எழுந்து வந்தாள். அவளை அங்கே குடிவைத்தது யார்? சென்ற ஆண்டு நிச்சயதார்த்தப் பைகளுக்காகச் 'சேமி' என்று அழுத்தியது எந்த விரல்? ஜெயலெட்சுமியே, நின் விரல்தான்! அவளுக்கே வெட்கமாகப் போயிற்று.

திருப்புளியை வாளென உயர்த்திச் சபதமிட்டாள்: "நல்லா கேட்டுக்கடா! ரேம்ல போட்டா கரண்ட் போனா போச்சு. இன்னிக்கி காமினிய ஃபிளாஷ்ல ஏத்தாம இந்த எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்!"

திருகாணிகள் ஏறின. பழைய லேபிள் அழிந்தது, புதியது சேமிக்கப்பட்டது. அணைத்தாள், பத்துவரை எண்ணினாள், உயிர்ப்பித்தாள், பொத்தானை அமுக்கினாள். காமினி! மறுபடியும் அணைத்துப் போட்டாள். மறுபடியும் காமினி! பின்னர் அக்காளும் தம்பியும் நகம் தேயத் தேய, பசை பிசுபிசுக்க, ஒட்டியதை உரித்தும் உரித்த இடத்தில் ஒட்டியும் முன்னேறினர். முப்பத்தொன்பது பைகள் மீட்கப்பட்டன. நாற்பதாவது கோகிலன் கைக்கு வருமுன் வாசலில் கார் நின்றது.

உள்ளே வந்த காமினி நேரே அந்தப் பையைத்தான் எடுத்தாள். வாசித்தாள்.

"இவங்க எப்படிக்கா இதுல வந்தாங்க?"

மழுப்ப ஜெயலெட்சுமிக்கு மனம் வரவில்லை. "என் தப்புதாம்மா. போன வருசம் நான்தான் சேவ் பண்ணி வச்சேன். மெஷின் மறக்கவே இல்ல."

"இப்ப உள்ள யாரு இருக்கா?"

"நீதான். கரண்ட் போனாலும் போகமாட்ட."

காமினி சிரித்துவிட்டாள். லேபிளைப் பொறுமையாக உரித்து, கோகிலனின் நெற்றியில் பளிச்சென்று ஒட்டி, "இவருக்குள்ளயும் என்னை அதே மாதிரி சேவ் பண்ணிவிடுங்கக்கா," என்றாள். கோகிலன் அசடு வழிந்தான். ஜெயலெட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வென்றனை, வாழ்க, வீரத்திருமகளே, நின் கொடி எண்டிசையும் பறப்பதாக!

பிறகு மூவரும் மிச்சமிருந்த பைகளிலும் காமினியை ஒட்டி, எல்லாவற்றையும் காரில் ஏற்றினார்கள்.