இரண்டு ராகு காலமும் ஒரு பாறையும்

"…கடலுக்கு நடுவுல கோட்டு போட்டுக்கிட்டு சிலையாட்டம் நிக்கிறாருக்கா. எங்கம்மா 'நல்ல எடுப்பான மாப்பிள்ளை'ங்கிறாங்க. அப்பா தலையாட்டுறாரு. எனக்கு மட்டும்தான் தெரியுது, மாப்பிள்ளைக்குப் பின்னாடி இருந்த பாறையெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போறது!"

சொல்வது என் மனைவி கலைச்செல்வி. இடம், மஸ்கட் ரூவியில் எங்கள் இரண்டாம் மாடி வீடு. வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முடிந்து விருந்தாளிகள் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் இந்தக் கதையை எடுத்துவிடுவாள். அன்றைக்கு விருந்தாளி, எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அக்கா. என்னைவிட இவள் நன்றாகச் சொல்வாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இவள் பார்த்தது செல்போன் அகலத்துக்குத்தான். மீதிக் கடல் முழுக்க என் பக்கம் இருந்தது. அதனால் மீதியை நான் சொல்கிறேன்.

அப்போது நான் ஏசி மெக்கானிக். கம்பெனி ரூமில் வாசம். (வளைகுடாவில் ஒருத்தன் 'ரூம்ல இருக்கேன்' என்றால் தனி அறை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று இரண்டடுக்குக் கட்டில், குறுக்கே ஒரு கயிறு, கயிற்றில் ஆறு பேர் துணி. இதற்குத்தான் ரூம் என்று பெயர்.) ஊரில் பெண் பார்த்தார்கள். லீவு கிடைக்கவில்லை, மாப்பிள்ளையை வீடியோ காலில்தான் காட்ட வேண்டும். முந்தின சம்பந்தம் இப்படி ரூமிலிருந்து பேசித்தான் போனது. பெண்ணின் தாய்மாமா சம்பளம் கேட்கிற நேரத்தில், மேல் கட்டிலிலிருந்து ஒருத்தன் துண்டோடு இறங்கி எனக்கும் போனுக்கும் நடுவே நடந்தான்.

இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. ஏனென்றால் கலைச்செல்வியின் போட்டோவை நான் பார்த்துவிட்டேன். பார்த்தபின் தரகர் எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். வாய் சும்மா இருக்குமா? "கடல் பாத்த எடம்ணே" என்றேன். அது பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'கடற்கரையில் வீடு' ஆகிவிட்டது.

"அதுக்கென்ன மாப்ளே, கடற்கரையிலேயே நின்னு பேசு," என்றான் சதக்கு. கீழக்கரைக்காரன், ரூவியில் அத்தர் கடை வைத்திருக்கிறான், கார் உண்டு. "நிக்கிற எடம் ஜோரா இருந்தா, நிக்கிற ஆள யாரு பாக்குறா?"

மஸ்கட்டுக்குத் தெற்கே, மலை அப்படியே கடலுக்குள் இறங்குகிற ஒரு மீனவ கிராமம். அங்கே கரையை விட்டுத் தள்ளி ஒரு பாறைக் கூட்டம். கறுப்பும் பழுப்புமாக, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக, விளிம்பெல்லாம் அரம். நடுவே யானை தும்பிக்கையைத் தண்ணீரில் ஊன்றி நிற்பதுபோல் ஒரு வளைவு. காலையில் போனபோது கரைக்கும் யானைக்கும் நடுவே ஈரக் கற்கள் வரிசையாகத் தலைகாட்டின. அவற்றின் மேல் கால் வைத்தே போய்விட்டோம்.

நான் போட்டிருந்தது ரூம் கோட்டு. ஆறு பேருக்கு அது ஒன்றுதான். யாருக்குப் பெண் பார்த்தாலும் அதைத்தான் போடுவோம். யாருக்கும் அளவு சரியில்லை, ஆனால் எனக்கு முன்னால் போட்ட எல்லோருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. ஷூவும் இரவல்தான். கண்ணாடி முன்னால் நின்றபோது, இந்தக் கம்பெனியையே நான்தான் நடத்துகிறேன் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். ஊரில் பன்னிரண்டு அடித்ததும் பேசலாம் என்று ஏற்பாடு. அடித்ததும் அம்மாவிடமிருந்து கால் வந்தது.

"ஏண்டா, இங்க ராகு காலம் முடிஞ்சிருச்சு. அங்கன மணி என்ன?"

"பத்தரைம்மா."

"ஐயையோ! அங்கன இப்பத்தான ஆரம்பிக்குது!"

இந்தியாவுக்கும் ஓமனுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். ராகு காலமும் ஒன்றரை மணி நேரம். ராகு அங்கே டூட்டி முடித்து இங்கே வந்து டூட்டியில் சேர்ந்துவிட்டார். இரண்டு சம்பந்தியம்மாக்களும் போனில் கலந்து பேசி, இரண்டு தேசத்திலும் ராகு ஓய்ந்த பிறகுதான் பெண் முகத்தைக் காட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். நானும் யானையின் காலடியில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

பன்னிரண்டு நெருங்கும்போது சதக்கு எழுந்தான். "ஜும்மாவுக்கு நேரமாச்சு மாப்ளே. கிராமத்துப் பள்ளியில தொழுதுட்டு ஓடியாந்துர்றேன். நீயும் கரைக்கு வந்துரேன்?"

"போடா. இங்கதான் பேக்ரவுண்டு பிரமாதமா இருக்கு."

"தண்ணி கொஞ்சம் ஏறின மாதிரி இருக்கே?"

"கடல்னா அப்படித்தான் இருக்கும்," என்றேன், கண்மாய்க்கு மேல் தண்ணீரைப் பார்த்திராத முதுகுளத்தூர்க்காரன். அவனும் சரியென்று போய்விட்டான். (கடலோரத்தில் பிறந்தவன்தான். ஆனால் கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் மீன் விலை.) அவனோடு அந்த கிராமத்தில் படகு ஓட்டுகிற அத்தனை பேரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள்.

பன்னிரண்டு அடித்ததும் பெண் வீட்டிலிருந்து வீடியோ கால் வந்தது. நெஞ்சை நிமிர்த்தி, இடது கையை இடுப்பில் வைத்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து நின்றேன். சம்பளம், குலதெய்வம், சாப்பாடு எல்லாம் அருமையாகப் போனது. பிறகு பெண்ணின் அப்பா கேட்டார்:

"தம்பி, வீடு பக்கத்துலதான? போன அப்படியே திருப்புங்க, ஒரு எட்டுப் பாத்துக்கிறோம்."

திருப்பினேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். நாங்கள் நடந்துவந்த கல் ஒன்றுகூட இல்லை.

"என்ன தம்பி, ஒரே தண்ணியா இருக்கு?"

"வீடு… அந்தப் பக்கம் மாமா," என்று நான் கை நீட்டிய நேரத்தில் ஓர் அலை என்னை முதுகில் அறைந்தது. குப்புற விழுந்தேன். போன் பிடித்த கை மட்டும் மேலே நின்றது. கோட்டு தண்ணீரைக் குடித்துக் கனத்தது. அந்தப் பக்கம் அவளுடைய அம்மாவின் அலறல். யாரோ யாரிடமிருந்தோ போனைப் பிடுங்கும் சத்தம். திரையில் போட்டோவில் பார்த்த அதே முகம்.

"ஏங்க, நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"மொதல்ல கோட்டைக் கழட்டுங்க."

"அது ரூம் கோட்டுங்க. என்னுது இல்ல."

"ரூமா? அப்ப வீடு?"

"வீடெல்லாம் இல்லீங்க. ஆறு பேரு. ரெண்டடுக்குக் கட்டிலு. எனக்கு மேல் கட்டிலு." (உப்புத் தண்ணீர் வாய்க்குள் போனால் பொய் வெளியே வராது. அனுபவத்தில் சொல்கிறேன்.)

சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன்.

"சரி. மேல் கட்டில்ல எப்படி ஏறுவீங்களோ, அப்படியே மேல் பாறையில ஏறுங்க. ஷூவையும் கழட்டிப்போடுங்க."

அதுதான் எனக்குத் தெரிந்த வித்தை! கீழே தூங்குகிறவன் மேல் கால் படாமல், கம்பியைப் பிடித்து எம்பி, வயிற்றைத் தேய்த்து ஏறுவது. கோட்டைக் கழற்றித் தோளில் போட்டு, ஷூவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அப்படியே யானையின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் தோல்தான் கொஞ்சம் பாறையோடு தங்கிவிட்டது.

தொழுகை முடிந்து ஊரே கரைக்கு வந்தது. வெள்ளை அங்கியில், அத்தர் மணக்க, ஒரு பெரியவர் படகை ஓட்டி வந்தார். முன்னால் சதக்கு, கையில் பிரியாணிப் பொட்டலம். நான் கட்டிப்பிடித்திருந்த கோட்டைப் பார்த்துப் பெரியவர் ஏதோ கேட்க, "ஷாதி, ஷாதி" என்று கல்யாணத்தை இந்தியில் சொன்னான் சதக்கு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கலாஸ். யல்லா," என்றார். கதை முடிந்தது, கிளம்பு என்று அர்த்தம்.

கலைச்செல்வி போனைத் துண்டிக்கவேயில்லை. படகில் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா வேண்டவே வேண்டாம் என்றார். "கேட்ட ஒடனே உண்மையச் சொல்லிட்டாரேப்பா," என்றாளாம் இவள். "முங்கும்போதுதான சொன்னான்?" என்றாராம் அவர். "மத்தவங்க முங்கும்போதும் சொல்ல மாட்டாங்கப்பா." அடுத்த லீவில் கல்யாணம். உப்பேறி வெளுத்த கோட்டை ரூம்காரர்கள் என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். இன்றைக்கும் நான் கொஞ்சம் பெருமையாகப் பேச ஆரம்பித்தால் வீட்டில் யாராவது சொல்வார்கள்: "மொதல்ல கோட்டைக் கழட்டுங்க."

அன்றைக்கு அந்த எதிர் வீட்டு அக்கா, சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நெசமாவா? எப்படித்தான் நின்னாரு?" என்று கேட்டார்.

கலைச்செல்வி எழுந்து உள்ளே போனாள். அலமாரியிலிருந்து அந்தக் கோட்டை எடுத்துப் புடவை மேலேயே மாட்டிக்கொண்டு வந்தாள். சோபா மேல் ஏறினாள். நெஞ்சை நிமிர்த்தி, இடது கையை இடுப்பில் வைத்து, முகத்தை ஏசிக் காற்றுக்குக் கொடுத்து நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் மகள் ஒரு சொம்புத் தண்ணீரோடு சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.