மகள் வீட்டுக்கு ஒதுக்கிய சீமெந்து

கல்முனை,
மார்ச் 14

கண்ணியமிக்க சம்மந்தி ஜவாத் ஹாஜியார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மகள் றிபாவின் வீட்டுக்கு இன்னும் ஒரு கல்லும் வைக்கவில்லை. சொல்ல வேண்டியதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி நலம் விசாரிக்கலாம். இங்கே நானும் மனைவி ஸாலிஹாவும் சுகம். பாலமுனையில் நீங்களும் உங்கள் மனைவி தங்கச்சி றாஹிலாவும், கட்டாரில் மருமகன் இன்பாஸும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீங்கள் "எப்ப தொடங்கிற?" என்று கேட்பீர்கள். கடிதத்தில் அந்த ஆபத்து இல்லை.

பெண்ணுக்கு வீடு கட்டி முடித்த பிறகுதான் நிக்காஹ் என்பது நம் வழக்கம். இந்த ஆகஸ்டில் மருமகன் லீவில் வரும்போது வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையில் தருவேன் என்று, போன ஹஜ்ஜுக்கு முந்தின ஹஜ்ஜுப் பெருநாளன்று உங்கள் வீட்டுப் புரியாணியைத் தின்றுகொண்டே சொன்னவன் நான். மறக்கவில்லை. மறுநாளே என் ஹாட்வெயார் கடையின் பின்பக்கம் இருநூறு மூட்டை சீமெந்தை ஒதுக்கி, 'மகள் வீடு' என்று சோக்கட்டியால் எழுதினேன். அடுத்த கிழமை சீமெந்து விலை ஏறியது. ஏறின விலைக்கு விற்காமல் சீமெந்தைப் பூட்டி வைப்பவன் வியாபாரியா, சொல்லுங்கள். விற்றேன். விலை இறங்கினதும் திரும்ப எடுக்கலாம் என்று இருந்தேன், இறங்கியது, இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று இருந்தேன், ஏறிவிட்டது. அதற்குள் மழைக்காலம் வந்து வீடு கட்ட இருந்த வளவில் முழங்கால் தண்ணி. அந்த மூன்று மாதமும் நான் மன நிம்மதியோடு இருந்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன்.

தண்ணி வடிந்ததும் ஓடாவியைப் பிடித்துக் கதவு நிலைகள் செய்வித்தேன். சவளக்கடையிலிருந்து ஒரு போடியார், பெரிய வயல்காரர், கடைக்கு வந்தார், நிலையைத் தடவிப் பார்த்தார், நான் சொன்ன விலையைக் குறைக்கச் சொல்லாமலே தந்தார். குறைக்கச் சொல்லாத ஆளை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. மேசையில் கிடந்த றிபாவின் வீட்டுப் பிளானையும் பார்த்துவிட்டு, "இதும் விற்கிறயா?" என்று கேட்டார். அதையும் கொடுத்தேன். அவருக்கு வேலை செய்ய ஆள் இல்லையென்றார். நமக்கென்று பேசி வைத்திருந்த சொறிக்கல்முனை மேசன் தம்பிமுத்து அன்றைக்குப் பார்த்துக் கடை வாசலில் சும்மா குந்தியிருந்தார். அவரையும் லொறியிலேயே ஏற்றி அனுப்பினேன்.

அந்தப் பிளானிலேயே வீடு எழும்பி, போன மாதம் போடியார் குடிபுகுந்த சாப்பாட்டுக்கு எங்களையும் கூப்பிட்டார். நல்ல சாப்பாடு. ஆனால் ஸாலிஹா குசினிக்குள் போனவள் வரவேயில்லை. தேடிப் போனால் யன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது நான் கீறச் சொன்ன குசினி. எண்ட மகள்ற ஊட்டுக்குள்ள ஆரோ மீன் பொரிக்காங்க" என்றாள்.

அவள் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

யோசித்துப் பார்த்தேன். ஆணியை விற்கத் தொடங்கினால் பின்னேரமே லாபம் கையில் இருக்கும். வீட்டைத் தொடங்கினால் மாதக்கணக்கில் செலவு மட்டும்தான். அதுதான் எனக்குக் கை ஓடவில்லை. வேறு நோய் ஒன்றும் இல்லை. மெயின் வீதியில் சாக்கு விரித்து வியாபாரம் தொடங்க எனக்கு அரை மணி நேரம் போதுமாயிருந்தது, அதே ஆள்தான் இது.

ஆகவே ஹாஜியார், ஐந்து மாதத்தில் வீடு எழும்பாது. கல்யாணத்தை மருமகனின் அடுத்த லீவுக்குத் தள்ளி வையுங்கள். இரண்டு வருடம் கண் மூடித் திறக்கிறதுக்குள் போய்விடும். தள்ளி வைத்தால் மேல்மாடி ஒன்றும் சேர்த்துக் கட்டித் தருகிறேன். இந்தப் பேச்சு றிபாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். பேரப்பிள்ளைகளோடு நீண்ட காலம் வாழ றப்பு உங்களுக்கு ஆயுளைத் தரட்டும்.

இப்படிக்கு,
அபுல் ஹஸன்

பிற்குறிப்பு, மார்ச் 25: மேலே உள்ளதை ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை நாளைக்குத் தபாலில் போடுவோம், நாளைக்குப் போடுவோம் என்று பதினொரு நாள் மேசையில் வைத்துவிட்டேன். நேற்று றிபா எடுத்து வாசித்தாள். அழவில்லை.

"கல்யாணத்தத் தள்ளி வைக்கச் சொல்லி ரெண்டு பக்கம் எழுதியிரிக்கீங்க வாப்பா. மேசனுக்கு ஒரு போன் கோல் எடுக்கல்ல" என்றாள்.

என் முன்னாலேயே தம்பிமுத்துவுக்குக் கோல் எடுத்தாள். இன்று பின்னேரம் வளவுக்குப் போனால் அத்திவாரம் முழங்கால் ஆழம் தோண்டியாகிவிட்டது. றிபாவும் தம்பிமுத்துவும் பேசி ஒரு கொப்பித் தாளில் எழுதி வைத்திருந்ததில் நானும் கையெழுத்து வைத்தேன். ஒரு மாடிதான், நூற்றிருபது நாளில் கூரை, மேசன் ஆட்களுக்கு இரண்டு நேரத் தேத்தண்ணி என் செலவு, சாமான் கொண்டுவருகிறேன், பார்க்கிறேன் என்று நான் வளவுக்குள் கால் வைக்கக் கூடாது, சீமெந்து முழுவதும் சாய்ந்தமருதில் வேறொரு கடையில், மூட்டைக்கு என் விலையைவிட முப்பது ரூபாய் கூட.