கூலண்ட் கலந்த கிறிஸ்துமஸ் பஞ்ச்

என் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தவன் கூலண்ட். இருபது வருஷமாக இதைத்தான் சொல்கிறேன்.

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த நாங்கள் ஆறு பேர் ஒரே அறையில் இருந்தோம். மெஷினுக்கு ஊற்றும் கூலண்ட் எண்ணெயைத் தண்ணீரில் கலப்பது அவன் வேலை. அதனால் அந்தப் பெயர். கலவை சரியா என்று பார்க்க ஒரு குழாய்க் கருவி வைத்திருந்தான். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் நம்பர் தெரியும். டீக்கடைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு வருவான்.

"மாஸ்டர், சக்கர பதினொண்ணு காட்டுது. ஒம்போதுதான் கரெக்ட்டு."

அந்த டிசம்பரில், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து பெண்ணின் அப்பா வருவதாக இருந்தது. எங்களுக்கு கிறிஸ்துமஸ் ஒரு நாள்தான் லீவு. மனிதர் மதுவிலக்குக் கூட்டங்களில் மைக் பிடிப்பவர். கூலண்ட் பஞ்ச் போடுகிறேன் என்று கிளம்பினான்.

"அதுல என்னல போடுவ?" என்றேன்.

"பழம், ஆரஞ்சு ஜூஸு, பட்டை, கிராம்பு, ஒயினு. ஒரு நாள் ஊறணும்ப்பா. உங்க மாமாவுக்கு ஒயின் இல்லாம தனியா தூக்குல வச்சிர்றேன். நீ கம்முனு இரு."

நீல டிரம்மில் ஒயின் கலந்தது. தூக்குவாளியில் வெறும் பழச்சாறு. இரண்டிலும், கம்பெனியில் மெஷின் தொட்டிக்கு ஒட்டுவதைப் போல ஒரு பேப்பரை ஒட்டினான். பேப்பர் இல்லாத பாத்திரம் ஆடிட்டில் நிற்காதாம். 'லெவல் குறைந்தால் ஒரு டம்ளர் ஊற்றவும். கையெழுத்து போடவும்.' எதை ஊற்றுவது என்று அந்த மடையன் எழுதவில்லை. கம்பெனியில் ஊற்றுவதற்கு ஒன்றுதான் உண்டு, யாரும் கேட்கமாட்டார்கள். இங்கே பக்கத்தில் இருந்தது ஒயின் பாட்டில்.

ஏ ஷிஃப்ட் முடித்து வந்தவன் தூக்கிலிருந்து ஒரு டம்ளர் ருசி பார்த்தான். லெவல் குறைந்தது. ஒயினை ஊற்றிக் கையெழுத்துப் போட்டான். பி ஷிஃப்ட்காரனும் அப்படியே. சி ஷிஃப்ட் முடித்து அரைத் தூக்கத்தில் வந்தவன் நான். எதில் குடித்தேன், எதில் ஊற்றினேன் என்று இன்றுவரை புரியவில்லை. தூக்கின் பேப்பரில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

கிறிஸ்துமஸ் அன்று பெண்ணின் அப்பா தன் தம்பியோடு வந்து உட்கார்ந்தார். தூக்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த முதல் டம்ளரில் பெரியவர் சிரித்தார். இரண்டாவதில், "இது என்ன பழம்டே? சுகமா இருக்கே" என்றார். மூன்றாவதில் ஆறு பேரையும் மருமகனே என்று கூப்பிட்டார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஏ தம்பி, எனக்கு ஒரே பொண்ணுதானடே?"

தம்பி டம்ளரை முகர்ந்தார். "அண்ணே, இது ஒயினு."

"யாருல ஊத்துனது?" பெரியவர் பேப்பரைப் படிக்கக் குனிந்தார். அதற்குள் கூலண்ட் அதைக் கிழித்துப் பையில் சொருகிக்கொண்டான்.

"நான்தான் சார். இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"இவன்கூட நீ இருக்கிறவரைக்கும் பொண்ணு கிடையாது" என்று பெரியவர் என்னிடம் சொன்னார். நான் சரியென்று தலையாட்டினேன்.

அன்று மாலையே கூலண்ட் பெட்டியோடு கிளம்பினான். "டிரம்முல இருக்கறத வேஸ்ட் பண்ணாதீங்கடா" என்றான். பிறகு கம்பெனியை விட்டும் போய்விட்டான். எங்கே என்று யாருக்கும் தெரியாது.

கல்யாணம் நடந்தது. முன்வரிசை நாற்காலி ஒன்றில் கைக்குட்டை போட்டு உனக்கு இடம் பிடித்து வைத்திருந்தேன், கூலண்ட். கடைசிவரை யாரையும் உட்கார விடவில்லை.

ஊற்றியவர்களில் நானும் உண்டு. உன்னை யார் பழி ஏற்கச் சொன்னது? என் மாமனார் இந்தப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பார். அவர் கண்ணில் படும்படி, இதே பக்கத்தில் பதில் எழுது.