சகலையின் ரொட்டியும் என் க்யூரிங் மெஷினும்

என் சகலையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது. நானும் பல வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். குடிக்க மாட்டார். குரலை உயர்த்திப் பேச மாட்டார். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போவார். இப்படி ஒரு மனிதர் சொந்தத்தில் இருந்தால் மற்றவர்கள் எப்படித்தான் நிம்மதியாக இருப்பது?

பெயர் கதிர்வேல். என் மனைவி கோகிலாவின் தங்கை பிரேமாவைக் கட்டியவர். முறைப்படி பார்த்தால் நான்தான் மூத்த மாப்பிள்ளை. ஆனால் நான் பத்தாவது வரைதான் படித்தேன். திருப்பூரில், வீட்டுக்குக் கீழேயே சின்னதாக ஒரு பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். பனியன் நெஞ்சில் பூ, பொம்மை, எனக்கே அர்த்தம் தெரியாத இங்கிலீஷ் வாசகம் எல்லாம் அடித்துக் கொடுப்போம். பெரும்பாலும் காதர்பேட்டை மொத்த விலைக் கடைகளுக்குப் போகிற சரக்கு. கதிர்வேலோ பெரிய படிப்பு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வருஷத்துக்கு இரண்டு தரம் ஃபாரின் போய், சரக்கு வாங்குகிற பையரைப் பார்த்துவிட்டு வருவார். அப்போதெல்லாம் எனக்கும் ஒரு சாக்லேட் பாக்கெட் வாங்கி வருவார். எக்ஸ்போர்ட் சாம்பிள் வேலை ஏதாவது இருந்தால் "அண்ணா, உங்க யூனிட்லயே போட்றலாமுங்க" என்று என்னிடம் கொடுப்பார். (நல்லவர் கையால் உதவி வாங்குவது எவ்வளவு எரிச்சலான காரியம் என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.)

போதாததற்கு நான் கூச்ச சுபாவம். மாமனார் வீட்டில் நாலு பேர் கூடினால் கதிர்வேல் பேசிக்கொண்டிருப்பார், எல்லோரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள், நான் வாழை இலையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அவர் வெள்ளகோவில் பக்கம் தோட்டம், மாடு கன்று என்று இருப்பவர். டாக்டர் அரிசியைக் குறை, கோதுமையைக் குறை, கம்பு ராகியையும் குறை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, "எல்லாத்தையும் கொறச்சுப்போட்டு அப்பறம் எதுக்குங்க உசுரோட இருக்கறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார். நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் கதிர்வேல் ஃபாரினிலிருந்து அந்த ரொட்டியோடு வந்து இறங்கினார். ரொட்டி என்றால் ரொட்டி இல்லை, அதன் செய்முறை. அரிசி, கோதுமை, எந்தத் தானியமும் கிடையாது. அங்கே பையராக இருக்கிற ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதிக் கொடுத்தாராம். இவர் வீட்டு ஓவனில் தானே செய்து, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு அறுத்து வைத்தார். மாமனார் மூன்று துண்டு சாப்பிட்டார். நாலாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"சின்ன மாப்பிள்ளைங்க இருக்கற வரைக்கும் எனக்கொண்ணும் ஆகாதுங்க."

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். நன்றாக இல்லை என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையோடுதான் கடித்தேன். நன்றாக இருந்தது.

திரும்பி வரும்போது கோகிலா வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பிரேமா குடுத்து வெச்சவளுங்க. அவரே கலக்கறாரு, அவரே ஓவன்ல வெக்கறாரு, அவரே பாத்திரத்தையும் கழுவிப் போடறாரு" என்றாள். அடுத்து வந்த வேகத்தடையில் நான் பிரேக் பிடிக்கவில்லை.

அப்போது எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். மாமனார் வாயிலிருந்து "பெரிய மாப்பிள்ளை இருக்கற வரைக்கும்" என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. கேட்டே தீருவது என்று முடிவு செய்தேன். அடுத்த வாரம் அவர் ரத்தப் பரிசோதனைக்குத் திருப்பூர் வருவதாக இருந்தது. மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். அவருக்கு என் கையால் ரொட்டி. அப்பா சாப்பாடு என் பொறுப்பு என்று மட்டும் கோகிலாவிடம் சொல்லி வைத்தேன்.

கதிர்வேலிடம் செய்முறை கேட்டால் சொல்லியிருப்பார். கூடவே நேரில் வந்து செய்து கொடுத்துவிட்டும் போயிருப்பார். அதனால் பிரேமாவுக்கு போன் போட்டு, எங்கள் யூனிட்டில் ஒருவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கேட்டேன்.

"ஏனுங்க மாமா, அவரையே கேளுங்களேன்."

"வேண்டாம் கண்ணு, அவருக்கு எதுக்குச் சிரமம்."

அவள் சொல்லச் சொல்ல யூனிட் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். முட்டை ஆறு. பாதாம் பொடி. ஆளி விதை. வெண்ணெய், உப்பு, சோடா. அப்புறம் தேங்காய் மாவு.

"தேங்காய்ல ஏது கண்ணு மாவு?"

"எண்ணெயப் பூரா எடுத்துப்போட்டு மிச்சத்தப் பொடி பண்றதுங்க மாமா. இங்கெல்லாம் கெடைக்காது. அவரு அங்கிருந்து வாங்கிட்டு வந்தாரு."

போனை வைத்தேன். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது. தேங்காயிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டு மிச்சம். அதைப் பெரிய படிப்புப் படித்த ஒரு மனிதர் விமானத்தில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் எண்ணெய் மில் வாசலில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் புண்ணாக்கு.

காங்கயம் மில் ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வாங்கி வந்தேன். "எத்தன மாடுங்க?" என்று கேட்டார்கள். "ஒண்ணுதானுங்க" என்றேன். வீட்டில் இடித்து, பிரிண்டிங் ஸ்கிரீனுக்கு இழுத்துக் கட்டுகிற புது மெஷ் துணியில் சலித்தேன். பவுடர் மாதிரி இறங்கியது. வெளிநாட்டுக்காரன்கூட இவ்வளவு நைசாகச் சலித்திருக்க மாட்டான்.

மிச்சம் இருந்தது ஓவன். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. ஆனால் பிரேமா "நூத்தி எழுபது டிகிரி" என்று சொன்னபோதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. கீழே யூனிட்டில் க்யூரிங் மெஷின் இருக்கிறது. நீளமான ஒரு குகை மாதிரி இருக்கும். பிரிண்ட் அடித்த பனியனை ஒரு வாயில் வைத்தால் பெல்ட் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். மேலே ஹீட்டர். சாயம் காய்ந்து, பிடித்து, அடுத்த வாய் வழியாக வெளியே வரும். உள்ளே நூற்று எழுபது டிகிரியே வைப்பது வழக்கம். கதிர்வேலின் ஓவன் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது பன்னிரண்டு அடி.

அந்த நாளும் வந்தது. கதிர்வேல் கொடுத்த சாம்பிள் வேலையும் அன்றைக்கே முடிய வேண்டியிருந்தது. வெள்ளைக் குழந்தைப் பனியன் இருபத்து நாலு பீஸ், நெஞ்சில் மஞ்சள் வாத்து. மாமனாரை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் கூட்டி வரும்போது கதிர்வேல் அதையும் வாங்கிக்கொண்டு போய்ச் சாயங்காலத்துக்குள் பையருக்குக் கூரியர் போட வேண்டும்.

பிரிண்ட் அடிப்பவர் ஜெபமணி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், என்னிடம் ரொம்ப வருஷமாக இருப்பவர். அவர் பதினொரு மணிக்கு டீக்குப் போனதும், நான் மாடியிலிருந்து சதுர டிபன் டப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருடன் மாதிரி இறங்கினேன். மாவு டப்பாவின் விளிம்பு வரைக்கும் இருந்தது. பெல்ட்டை உள்ளதிலேயே மெதுவான வேகத்தில் வைத்து, டப்பாவை ஏற்றிவிட்டு, அந்தப் பக்கம் ஓடிப் போய் நின்றேன். எட்டு நிமிஷத்தில் வந்தது. பச்சையாக இருந்தது. எடுத்துக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் ஓடினேன். இரண்டாம் சுற்றில் ஓரம் சிவந்து, நடு கொஞ்சம் எழும்பியிருந்தது. மூன்றாவது சுற்றுக்கு உள்ளே அனுப்பினேன்.

ஊறின புண்ணாக்கு எவ்வளவு உப்பும் என்பது மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதில் ஆறு முட்டையும் சோடாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் மாட்டுக்கு அப்படிக் கலந்து வைத்ததில்லை. மெஷினின் வாய் ஒரு சாண் உயரம்தான் என்பதும் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஜெபமணி திரும்பி வந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, பெல்ட்ட இப்படி ஊர விட்டிருக்கிய?"

"சும்மா. ஹீட்டு சரியா இருக்குதான்னு பாக்கறேன்."

அவர் மூக்கைச் சுருக்கினார். "என்னமோ வாடை அடிக்கே."

"இங்க் வாசம்."

"நான் பதினஞ்சு வருசமா இங்க்கத்தான் மோந்துகிட்டுக் கெடக்கேன் அண்ணாச்சி. இது ஆம்லெட்டு வாடை."

அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உள்ளே ரொட்டி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று. நாற்பது வயது ஆண்பிள்ளை, யூனிட் முதலாளி, சகலை மேல் பொறாமைப்பட்டு க்யூரிங் மெஷினில் ரொட்டி சுடுகிறேன் என்று எப்படிச் சொல்வது? தள்ளி நின்று வழிவிட்டேன். அவர் பெல்ட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டு, வாத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கி உள்ளே அனுப்பத் தொடங்கினார்.

நான் அந்தப் பக்கம் போய்க் காத்திருந்தேன். ரொட்டி வரவில்லை. வாத்தும் வரவில்லை. பத்துப் பன்னிரண்டு உள்ளே போயிருக்கும்.

"போன வாத்து ஒண்ணுகூட வெளிய வரல, அண்ணாச்சி" என்றார் ஜெபமணி.

வெளியே வந்தது புகை.

ஸ்விட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தோம். என் ரொட்டி எழும்பி, ஹீட்டருக்குக் கீழே மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாட்டிலில் கார்க் அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த பனியன்கள் எல்லாம் அதன் மேல் மோதி, மடங்கி, குவிந்து, வெந்துகொண்டிருந்தன. ஜெபமணி ஒரு கம்பியால் இழுத்தார். வெள்ளைப் பனியன் அத்தனையும் டீ நிறம். மஞ்சள் வாத்தெல்லாம் வறுத்த வாத்து. ஒரு பனியன் ரொட்டியோடு ஒட்டி, பிரிக்க முடியாமல், ரொட்டிக்குச் சட்டை போட்ட மாதிரி வந்தது.

ஜெபமணி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்னது அண்ணாச்சி?" என்று அவர் கேட்கவும், வாசலில் கார் ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

கதிர்வேல், பின்னால் மாமனார். புகை வாடைக்குக் கோகிலாவும் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். கதிர்வேல் ஒரு பனியனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் டப்பாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "ரொட்டிங்களா அண்ணா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"ரொட்டியா?" என்றார் மாமனார். "எனக்குங்களா?"

யாரும் தடுப்பதற்குள், பனியன் ஒட்டாத மூலையில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். ரொம்ப நேரம் மென்றார். அந்த நிலைமையிலும், அந்த வாக்கியம் வந்துவிடுமோ என்ற ஆசை போகவில்லை.

"ஏனுங்க மாப்பிள்ளை, இது வெள்ளகோவில் செக்குப் புண்ணாக்குங்களா, காங்கயம் மில்லுப் புண்ணாக்குங்களா?"

"காங்கயங்க மாமா" என்றேன். (பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை.)

"அதான பாத்தேன். மில்லுச் சரக்கு கொஞ்சம் சப்புன்னுதானுங்க இருக்கும்."

கோகிலா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "எங்கப்பாவுக்குப் புண்ணாக்கா போட்டீங்க?"

"உடு கண்ணு" என்றார் மாமனார். "இத்தன வருசமா மாட்டுக்கு அள்ளிப் போடறேன். அதுக வாய்க்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல."

கதிர்வேல் ஓரமாகப் போய் ஆபீஸுக்கு போன் செய்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் மேல் பழி போடுவார், அதை வைத்து அவரைக் கொஞ்சம் வெறுக்கலாம் என்று எதிர்பார்த்தேன். "சாம்பிள் நாளைக்குத்தான் போகும் சார். தப்பு என்னுதுதான். நான் பீஸ் குடுத்ததே லேட்டு" என்றார். அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெல்ட்டில் ஒட்டியிருந்த முட்டையைச் சுரண்ட உட்கார்ந்துவிட்டார். ஜெபமணி புதுப் பீஸில் வாத்து அடித்தார். நான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

மதியம் மாமனாருக்கு என்ன போடுவது என்று கோகிலா கையைப் பிசைந்தபோது, கதிர்வேல் காரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார். "மாமாவுக்கு ஆகுமேன்னு எதுக்கும் ரெண்டு துண்டு சுட்டுட்டு வந்தனுங்க அக்கா."

மாமனார் இப்போதும் நன்றாக இருக்கிறார். எங்கள் சொந்தத்தில் காது குத்து, சீர், கிரகப்பிரவேசம் எது நடந்தாலும் பந்தி முடிந்ததும், "சின்ன மாப்பிள்ளைங்க, அந்த ரொட்டிக் கதையச் சொல்லுங்க" என்பார். கதிர்வேல் முதலில் என் பக்கம் திரும்பி, "சொல்லட்டுங்களா அண்ணா?" என்று அனுமதி கேட்பார். நான் தலையாட்டுவேன். அவர் நடித்துக் காட்டுவார். ஜெபமணி மாதிரி பேசுவார், நான் நிற்கிற மாதிரி நிற்பார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். என் ரொட்டி, என் மெஷின், என் மானம். சிரிப்பு மட்டும் அவருக்கு.

இந்த ஒன்றையாவது நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதை எழுதினேன். முடித்ததும் கோகிலாவுக்குப் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்துக்கொண்டே கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"எல்லாம் செரியாத்தானுங்க இருக்குது" என்றாள். "ஆனா கதிரு சொல்றப்போ நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்துவாருங்க. அங்கதான் எல்லாரும் சிரிப்பாங்க."

எந்த இரண்டு இடம் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம வர்றாருல்ல, அவரையே கேட்டுக்கோங்க."