இரண்டு பெட்டிக்கு ஒரு நடுவர்

உலகத்தில் விளையாடுகிறவர்கள் ஒரு ரகம். விளையாட்டைச் செய்து கொடுக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்திலும் சேராமல், இருவர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூன்றாவதாக ஓர் இனம் நம்மிடையே செழித்து வளர்ந்திருக்கிறது. ஒப்பீட்டாளர் என்று மரியாதையாகச் சொல்லலாம். டிவியில் செருகி விளையாடும் கேம் கன்சோல் இருக்கிறதே, எங்கள் தொழிலில் பெட்டி என்போம், அந்தப் பெட்டிகளில் எதற்கு வலு அதிகம், எதற்கு விளையாட்டு எழுதுவது சுலபம் என்று ஒப்பிடுவதற்காகவே இவர் பிறவி எடுத்திருக்கிறார். பல் துலக்கும்போது ஒப்பிடுவார். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒப்பிடுவார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், செத்தவரின் பேரன் கையில் கன்ட்ரோலரைப் பார்த்துவிட்டால் அங்கேயும் ஒப்பிடுவார்.

இவரிடம் போய், "புதுப் பெட்டி வாங்கினேன் சார், பிள்ளைங்களுக்கு ஒரே குஷி" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கும் டாக்டரைப் போல உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

"வாங்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"சரி... பரவாயில்ல."

அவ்வளவுதான். அந்தப் 'பரவாயில்ல'வைக் கேட்டபின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பாருங்கள். காலையில் பளபளவென்று இருந்த பொருள் சாயங்காலம் மூலையில் கிடக்கும் பழைய மிக்ஸி மாதிரித் தெரியும்.

எங்கள் அலுவலகத்துக்கும் அப்படி ஒருவர் வாய்த்தார். விளையாட்டுகள் தயாரிக்கும் சின்ன அலுவலகம் அது. ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடி. கீழே துளைபோடும் மிஷின் கிர்ரென்று சத்தம் போடும்போதெல்லாம் மேலே நாங்கள் பல்லைக் கடித்துக்கொள்வோம். முதலாளி ஒருவர், நிரல் எழுதும் பெண் ஒருத்தி, படம் வரைய நான். மூன்று பேரும் சேர்ந்து ஒரு விளையாட்டைக் கிட்டத்தட்ட முடித்திருந்தோம். வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு தபால்காரம்மா சைக்கிளில் போய்க் கடைசி வீடு வரைக்கும் தபால் கொடுக்க வேண்டும். இதுதான் கதை. சுமாராக இல்லை, நன்றாகவே வந்திருந்தது.

இதை எந்தப் பெட்டியில் முதலில் வெளியிடுவது என்பதுதான் பாக்கி. சந்தையில் போட்டிக்கு நின்றவை இரண்டு பெட்டிகள். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. எங்களைப் போன்றவர்கள் வைத்து வேலை செய்ய, இரண்டு நிறுவனங்களும் ஆளுக்கொரு சோதனைப் பெட்டி அனுப்பியிருந்தன. இரண்டிலும் சேர்த்துச் செய்ய எங்களுக்கு ஆள்பலம் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் முதலாளியின் அக்கா கணவர் தொழில்நுட்ப ஆலோசகராக உள்ளே வந்தார்.

'வந்தார்' என்பது தப்பு. ஏற்கனவே அவர் முதலாளி வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஹால்தான் எங்கள் அலுவலகத்துக்கு இடம் மாறியது. முதலாளிக்கு அவர் மாமா. அக்காவின் முகத்துக்காக ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். முதல் நாளே அவர் 'டெராஃப்ளாப்' என்ற சொல்லை எத்தனை முறை சொன்னாரென்று எண்ண முயன்று தோற்றுப்போனோம். ஒரு பெட்டி ஒரு நொடிக்குள் எவ்வளவு கணக்குப் போடும் என்பதற்கான அளவு அது. அன்றைக்கே அவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். டெராஃப்ளாப் மாமா.

"சார், கறுப்பா வெள்ளையா? ஒண்ணு சொல்லுங்க, நான் வேலையை ஆரம்பிக்கணும்" என்றாள் நிரல் எழுதும் பெண்.

"வலுன்னு பாத்தா கறுப்பு. வேலை செய்யச் சுலபம்னு பாத்தா வெள்ளை."

"நீங்க எப்படிப் பாக்கறீங்க?"

"நான் ரெண்டையும் பாக்கறேன்மா. அதுதானே என் வேலை."

கடைசியில் கறுப்பு என்றார். அவள் ஆரம்பித்தாள். கறுப்புப் பெட்டி, நிறைய அடுப்பு வைத்துக் கட்டின பெரிய சமையலறை மாதிரி. எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கத் தெரிந்தவர்களுக்கு அது சொர்க்கம். மற்றவர்களுக்குப் புகைதான் மிச்சம். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒவ்வொரு அடுப்பாகப் பற்றவைத்தாள். தபால்காரம்மாவின் சைக்கிள் வெள்ளத்தில் போகும்போது தண்ணீரில் அவள் நிழலும் தெருவிளக்கும் சேர்ந்து ஆடுகிற மாதிரி ஒரு நாள் வரவழைத்தும் விட்டாள். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம். டெராஃப்ளாப் மாமா தட்டவில்லை. தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வலு மட்டும் இருந்தா ஆச்சாம்மா? இவ்வளவு கஷ்டப்பட்டா அடுத்த விளையாட்டை எப்படிச் செய்வே? வெள்ளையில இதே வேலை பாதி நேரத்துல முடிஞ்சிருக்கும்."

"நீங்கதானே சார் கறுப்புன்னீங்க?"

"அப்ப வலுவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

வெள்ளைக்கு மாறினோம். வெள்ளையில் காலையில் எழுதினது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஓடியது. அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, திரைக்கு ஒரு விரல் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, "நிழல் போச்சே" என்றார். வெள்ளையில் தண்ணீர் நிழலைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேண்டியிருந்தது. விளையாடுகிறவன் கவனிக்கப் போகிறானா? அவன் கவலையெல்லாம் தபால் நனையாமல் இருக்க வேண்டுமே என்பதுதான். ஆனால் நடுவர் தீர்ப்பு சொல்லிவிட்டாரே! மறுபடி கறுப்பு. அப்புறம் மறுபடி வெள்ளை. தபால்காரம்மா இந்தப் பெட்டிக்கும் அந்தப் பெட்டிக்குமாக அலைந்ததில் ஊர் வெள்ளமே வடிந்திருக்கும்.

அவர் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சொந்தமாக வாங்கின இரண்டு பெட்டிகளும் டிவிக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில், துணி போர்த்தி, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் மாதிரி உட்கார்ந்திருக்கும். அவருடைய மகள் வந்து, "அப்பா, கொஞ்ச நேரம் விளையாடட்டுமா?" என்பாள். "இரும்மா, அப்பா சூடு பாத்துக்கிட்டிருக்கேன்" என்று, காய்ச்சல்கார நெற்றியில் வைப்பதுபோலப் பெட்டியின் முதுகில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கறுப்பு கொஞ்சம் அதிகமாகச் சுடுகிறது. வெள்ளை கொஞ்சம் அதிகமாக முனகுகிறது. மகள் கொஞ்ச நாள் பார்த்தாள். அப்புறம் கீழ்வீட்டுப் பெண்களோடு மட்டை எடுத்துக்கொண்டு இறகுப்பந்து ஆடப் போய்விட்டாள். அவருக்கு அதில் ஆறுதல்தான். அளவெடுக்க இடைஞ்சல் இல்லை பாருங்கள்.

இப்படியே இழுத்து இழுத்து விளையாட்டுக் கண்காட்சி வந்துவிட்டது. எங்கள் தலையெழுத்து அங்கேதான் இருந்தது. பெரிய விநியோக நிறுவனம் ஒன்றின் மேலாளர் அம்மா அங்கே நாங்கள் போட்டிருந்த கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் விளையாட்டு வெளியே போகும். பிடிக்காவிட்டால் அலுவலகத்தைப் பல் மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். முதலாளி ஒரு பெட்டியை வைத்து அமைதியாகக் காட்டிவிடலாம் என்றார். டெராஃப்ளாப் மாமா விடவில்லை. இரண்டு பெட்டி, இரண்டு திரை, பக்கத்தில் பக்கத்தில். நடுவில் அவர். சட்டைப் பையில் பூதக்கண்ணாடி.

அம்மா வந்தார். கைப்பையைக் கீழே வைத்தார். கன்ட்ரோலரை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். சைக்கிள் சாய்ந்தபோது அவரும் சாய்ந்தார். தண்ணீர் பெடலைத் தொட்டபோது, "ஐயோ, போம்மா, போ போ" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். முதலாளி என் கையைப் பிடித்து நசுக்கினார்.

அப்போது நீண்டது ஒரு கை. விளையாட்டு அப்படியே உறைந்தது.

"ஒரு நிமிஷம் மேடம். இந்தச் சக்கரத்துக்குக் கீழே நிழலைப் பாருங்க. இப்ப அந்தத் திரையில பாருங்க. வித்தியாசம் தெரியுதா?"

"தெரியலையே."

"கண்ணாடி தரேன், பாருங்க."

"அது இருக்கட்டும் சார், அந்தக் கடைசி வீட்டுக்குத் தபால் போய்ச் சேருமா?"

"அது பெட்டியைப் பொறுத்தது மேடம். கறுப்புன்னா, சுமை ஏறும்போது நொடிக்கு எத்தனை படம் வருதுங்கறதைப் பாக்கணும். வெள்ளைன்னா..."

அவர் விளக்கினார். பொறுமையாக விளக்கினார். கறுப்பின் நினைவகம், வெள்ளையின் கருவிகள், கறுப்பின் அடுத்த மாடல், வெள்ளையின் அடுத்த மாடல், இரண்டும் வந்தபின் இரண்டும் எப்படிப் பழசாகிப்போகும் என்பது உட்பட. அம்மா கன்ட்ரோலரைப் பதமாக மேஜைமேல் வைத்தார்.

"அப்ப நீங்களே இன்னும் முடிவு பண்ணலைன்னு சொல்லுங்க. பண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

"பாத்தீங்களா, அந்த அம்மாவுக்கு நிழலே தெரியலை. இவங்களையெல்லாம் மேலாளரா வெச்சிருக்காங்க" என்றார் டெராஃப்ளாப் மாமா, எங்களைப் பார்த்து. நிரல் எழுதும் பெண் கழிப்பறைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. மறுநாள் அவள் வேலையை விடுவதாகச் சொன்னாள்.

முதலாளி என்ன செய்தார் என்கிறீர்களா? கையைப் பிசைந்தார். அக்கா புருஷனை எப்படி எழுந்து போகச் சொல்வது? கடைசியில் அக்காவே மாடி ஏறி வந்தார். கணவர் இரண்டு சோதனைப் பெட்டிகளின் முதுகையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"தம்பி, என் மூஞ்சிக்காகத்தானே இவரை வெச்சிருக்கே? வேண்டாம். இருபது வருஷமா என்னையும் என் ஓரகத்தியையும் ஒப்பிட்டுக்கிட்டிருக்கார். வலு எனக்கு அதிகமாம், பழகச் சுலபம் அவளாம். அதை நான் பொறுத்துக்கிட்டேன். இந்தப் பொண்ணு எதுக்குப் பொறுத்துக்கணும்?"

மாமா வாயைத் திறந்தார். "அது வந்து, பொதுவாச் சொன்னது..."

"எழுந்திருங்க" என்றார் அக்கா.

எழுந்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் எடுத்த முதல் தெளிவான முடிவு அதுதான். நாற்காலி காலியானதும் நிரல் எழுதும் பெண் அதைத் தன் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டாள். பிறகு உட்கார்ந்து, கைக்கு எட்டின பெட்டியின் ஒயரைச் செருகினாள். வேலையை விடுகிற பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. விளையாட்டு முடிந்தது. முதலாளி அந்த மேலாளர் அம்மாவைத் திரும்ப அழைத்தார். வந்து, கடைசி வீட்டுக் கதவு திறக்கும்வரை ஆடிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஓஹோவென்று ஓடியது என்று சொல்ல மாட்டேன். அடுத்த விளையாட்டைத் தொடங்கும் அளவுக்கு ஓடியது. கீழே மிஷின் இன்னும் கிர்ரென்கிறது, மேலே நாங்கள் இன்னும் இருக்கிறோம்.

டெராஃப்ளாப் மாமா கெட்டுப்போய்விட்டார் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். இவர்கள் கெடுவதில்லை. இப்போது வீடியோ போடுகிறார். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியோடு. எங்கள் விளையாட்டை ஆடியவர்களைவிட அவர் பேச்சைக் கேட்கிறவர்கள் பல மடங்கு. எங்கள் விளையாட்டைப் பற்றியும் ஒன்று போட்டார். 'நல்ல முயற்சி, ஆனால் தவறான பெட்டி' என்று தலைப்பு. வீடியோவுக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் தாய் தந்தையை இழுத்துத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அந்த விளையாட்டை ஆடினதாகத் தெரியவில்லை.

நல்லவேளை, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. அந்த அம்மா அழுதாரே, கடைசி வீட்டில் யார் இருந்தார்கள், தபாலில் என்ன இருந்தது என்றுதானே இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லையா? 'சரி, கைக்கு எட்டின பெட்டி எது? கறுப்பா, வெள்ளையா? அதைச் சொல்லாமல் போகிறானே இவன்' என்றா?

பரவாயில்லை.