சீர்த் தட்டில் போக வேண்டிய கேக்

வாசலில் பைக் வந்து நின்றதுமே நிர்மலா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மேசை மேல், கள்ளக்குறிச்சியில் வாங்கிய ரெடிமேட் ஐஸிங் க்ரீம் டப்பா மூடி திறந்து கிடந்தது. வந்திருப்பவளோ நாத்தனார் விஜயலட்சுமி.

நாளைக்கு ரிஷிவந்தியத்தில் நாத்தனார் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் சீரில் இப்போதெல்லாம் பழத்தட்டு, புடவைத்தட்டோடு கேக்கும் போகிறது. க்ரீமைக்கூடத் தன் கையாலேயே அடிப்பதாக ஸ்டேட்டஸில் படம் படமாகப் போட்டுப் பீற்றிக்கொண்டவள் நிர்மலா. நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். "கடை க்ரீம் தடவி எடுத்தாந்த, சபையிலயே தட்டத் திருப்பி அனுப்பிடுவேன்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

சொன்னால் செய்வாள். சொந்தபந்தம் பார்க்கத் தட்டு திரும்பினால் அப்புறம் தலைகாட்ட முடியாது. நிர்மலா ஐஸிங்கை வழித்து ஒரு குண்டானில் போட்டு, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக் குண்டானுக்குப் பக்கத்தில் வைத்தாள். டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் திணித்தாள்.

"நீ க்ரீம் அடி. நான் பாத்துக்கினு இருக்கேன்," என்று அடுப்பங்கரையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள் விஜயலட்சுமி. அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் கூடத்தில் டிவி முன் சாய்ந்தார்.

வேறு வழியில்லை. வெண்ணெயையும் சர்க்கரைப் பொடியையும் மிக்சியில் போட்டு அடித்தாள். சித்திரை வெயிலுக்கு அது மோர்க்குழம்பாய் வந்தது.

"இன்னா இப்டி ஓடுது?"

"ஜில்லுல வச்சா கெட்டியாயிடும் அண்ணி."

அதை ஃபிரிட்ஜில் வைக்கிற சாக்கில், உள்ளே இருந்த குண்டானை எடுத்து, நாத்தனாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேக் மேல் கவிழ்த்தாள். கவிழ்த்த பிறகுதான் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. இட்லி மாவு.

கூடத்துக்கு ஓடிப் புருஷன் ராசுவின் காதைக் கடித்தாள். "இன்னொரு குண்டான் எங்க?"

"எதுத்த வூட்டு இருசம்மா அக்கா தோசைக்கு மாவு கேட்டுச்சி. நீ வாசலுக்குப் போன நேரம் தூக்கிக் குடுத்துட்டேன்."

திரும்பி வந்தால், விஜயலட்சுமி விரலை நக்கிக்கொண்டிருந்தாள். "புளிக்குதே."

"லெமன் ஃபிளேவர் அண்ணி."

"குமிழி வருதே."

"கையால அடிச்சா அப்டித்தான். கடை க்ரீம்ல குமிழி வராது."

"உப்பு?"

நிர்மலா வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் குண்டானோடு உள்ளே நுழைந்தாள். "ராசு, இன்னா மாவுப்பா இது? கல்லுல ஊத்தனா உருகி ஓடி அடுப்பையே அணைச்சிடுச்சி. வெண்ணிலா வாசனை வேற."

நிர்மலாவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அது கடை க்ரீம் அண்ணி. நான் சொன்னதெல்லாம் பொய்யி. தட்ட மட்டும் திருப்பிடாதீங்க."

விஜயலட்சுமி குண்டானைப் பிடுங்கினாள். ஒரு விரல் எடுத்துச் சப்பினாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

கூடத்திலிருந்து, டிவியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஜெயப்பிரகாஷ் சொன்னார்: "சீக்கிரம் கடை பேரச் சொல்லு தங்கச்சி, ஊர்ல நாலு கேக்குக்கு ஆர்டர் வாங்கிட்டு, தான் அடிக்கிற க்ரீம் நிக்காம, நீ எங்க வாங்குறன்னு துப்பறியத்தான் என்னை இட்டாந்திருக்கா உங்க அண்ணி."